வரப்புக்கு அந்தப் பக்கம் இழப்பீடு, இந்தப் பக்கம் இல்லை: இதை ஆராய்ச்சியாகச் செய்யலாமா?

வாசகி கேட்டது: "ஐயா, காவிரி டெல்டாவில் தலைஞாயிறு பக்கம் ஒரு கடைமடைக் கிராமம் எங்களுடையது. எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு சென்னையில் ஒரு மேப்பிங் கம்பெனியில் இருக்கிறேன். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து கட்டடம், ரோடு, வாய்க்கால் என்று கோடு போடும் வேலை. அப்பா ஒன்பது மா நிலத்தில் சம்பா போடுகிறார். ஒரு வருஷம் கார்த்திகை மழையில் பயிர் மூழ்கியபோது பக்கத்து ஊருக்குக் காப்பீட்டுப் பணம் வந்தது, எங்கள் ஊருக்கு வரவில்லை. ஏன் என்று தேடப்போய்த்தான் இடத்துக்கு இடம் மாறும் தரவை ஆராயும் இடம்சார் புள்ளியியல் என்று ஒரு துறை இருப்பதே தெரிந்தது. அதில் ஆராய்ச்சி செய்து பேராசிரியராக ஆசை. மாமா பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்கிறார். 'மேப் எல்லாம் இனிமேல் ஏஐயே போட்டுவிடும்' என்கிறார். புவியியல் துறைக்கு மாறுவதா, புள்ளியியலிலேயே இருப்பதா? வெளியே போய்ப் படித்தால் டெல்டாவுக்குத் திரும்ப வழி உண்டா?"

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இழப்பீட்டு விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தின் உயிரே அதுதான். இந்தத் துறைக்கு வருகிற பலர் முதலில் மென்பொருளைக் கற்றுக்கொள்கிறார்கள், அப்புறம் அதற்கு ஏற்ற கேள்வியைத் தேடி அலைகிறார்கள். உங்களுக்குக் கேள்வி முதலிலேயே கிடைத்துவிட்டது. அதனால் என் பதில்: ஆராய்ச்சிக்குப் போங்கள், புள்ளியியலை விடாமல் போங்கள். காரணத்தை உங்கள் ஊர்க் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தமிழ்நாட்டில் நெல்லுக்கு இழப்பைக் கணக்கிடும் அலகு வருவாய் கிராமம்தான். மகசூல் இழப்பை வயல் வயலாகப் பார்ப்பதில்லை. ஊரில் தற்செயலாக நான்கு வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுகிறார்கள். முக்கியமாக அந்தச் சராசரியை வைத்துத்தான் ஊரின் உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுகிறார்கள். முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை வைப்பதுதான் உத்தரவாத மகசூல். அதற்குக் கீழே போனால், எவ்வளவு கீழே போனதோ அந்த விகிதத்தில் ஊரில் காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம். கீழே போகாவிட்டால் யாருக்கும் இல்லை.

நான்கு சதுரமும் சேர்ந்தால் 100 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டரை சென்ட் நிலம். சில நூறு ஏக்கர் ஊரின் தலையெழுத்தை அந்த இரண்டரை சென்ட் எழுதுகிறது. இப்போது நீங்கள் எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் படித்த கணக்கைப் போடுங்கள். ஓர் ஊருக்குள் வயலுக்கு வயல் மகசூல் சராசரியிலிருந்து 20 சதவீதம் திட்ட விலக்கத்தோடு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வயல்களின் சராசரியில் இருக்கும் திட்டப் பிழை (மாதிரி சிறியதால் வரும் தடுமாற்றம்) 20ஐ 4இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 10 சதவீதம். இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது இரண்டின் பிழையும் சேர்வதால், 10ஐ 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, அது 14 சதவீதமாகிறது. ஒரே அளவு அடிபட்ட இரண்டு ஊர்களில் ஒன்றுக்குப் பணம் வந்து மற்றதற்கு வராமல் போக, யாரும் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை. மாதிரி சிறியது என்பதே போதும். அதே சமயம், பக்கத்து ஊர் நிஜமாகவே அதிகம் அடிபட்டிருக்கவும் கூடும். இந்த இரண்டில் எது நடந்தது என்று பிரித்துச் சொல்லத்தான் புள்ளியியல் தெரிந்த ஆள் வேண்டும். வரைபடம் மட்டும் போடத் தெரிந்தவரால் அது முடியாது. அவர் ஒரு ஊருக்குச் சிவப்பும் இன்னொரு ஊருக்குப் பச்சையும் அடித்துத் தருவார், பார்க்கிறவர்கள் அதையே உண்மை என்று நம்பிவிடுவார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை ஒரே தீயில், ஒரே தண்ணீரில் கொதிப்பதால் அது சரி. டெல்டா அப்படிப்பட்ட பானை இல்லை. மண், மேடு பள்ளம், தண்ணீர் வந்த நாள், வடிந்த நாள் எல்லாம் இடத்துக்கு இடம் வேறு. ஆனால் அந்த வேறுபாட்டிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அருகில் இருப்பவை தொலைவில் இருப்பவற்றைவிட ஒன்றுபோல இருக்கும் என்று 1970இல் புவியியலாளர் வால்டோ டோப்ளர் எழுதினார். அந்த ஒற்றுமையை அளக்க மொரான் என்ற புள்ளியியலாளர் 1950இலேயே ஒரு குறியீடு கொடுத்திருந்தார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் கிரிக் என்ற பொறியாளரும், அவரைத் தொடர்ந்து பிரான்சில் மாத்தெரானும் வளர்த்தெடுத்த முறையைத்தான் இன்று கிரிகிங் என்று படிக்கிறோம். அளக்காத இடத்தின் மதிப்பை அளந்த இடங்களிலிருந்து கணிப்பதோடு, அந்தக் கணிப்பில் எவ்வளவு பிழை இருக்கும் என்பதையும் சொல்லும் முறை அது.

இவை எல்லாம் பாடப்புத்தகத்தில் கிடைக்கும். எதில் கிடைக்காது என்றால், டெல்டாவில் யார் யாருக்குப் பக்கத்து ஊர் என்பது. எல்லையைப் பகிர்ந்துகொண்டால் பக்கத்து ஊர் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் அது செல்லுமா? நீடாமங்கலம் பக்கம் ஆறு பிரியும் இடமான மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. கொஞ்ச தூரம் கீழே போனால், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்களுக்கு வெவ்வேறு ஆற்றுத் தண்ணீர் பாயும். ஒரே ஆற்றில் பல கிலோமீட்டர் மேலே இருக்கும் ஊரோடுதான் கீழே இருக்கும் ஊரின் விதி கட்டப்பட்டிருக்கும். உங்கள் ஊருக்கு அடப்பாறும் பக்கத்து ஊருக்கு அரிச்சந்திரா நதியும் என்றால், வரப்பு ஒன்றாக இருந்தாலும் தண்ணீர் வேறு.

அதோடு முடியவில்லை. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் பாசன வாய்க்கால்தான் உறவைத் தீர்மானிக்கும். ஜூன் 12இல் அணை திறக்க முடியாத வருஷங்களில் குறுவை என்ன ஆகிறது, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வருகிறது என்பது உங்கள் அப்பாவுக்கு மனப்பாடம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் வருஷத்தில் கதை தலைகீழ். அப்போது எந்த வடிகாலில் சேர்ந்து வடிய வேண்டுமோ அந்த ஊர்களெல்லாம் ஒரே குடும்பம். வறட்சிக்கு ஓர் உறவு, வெள்ளத்துக்கு வேறோர் உறவு. ஆகவே மாடலில், எந்த ஊருக்கு எது அண்டை என்று குறிக்கும் அண்டை அணி இரண்டு வேண்டும், எந்த வருஷம் எது பேசுகிறது என்று தரவே சொல்லும்படி அமைக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் முனைவர் பட்ட ஆய்வின் முதல் அத்தியாயம் அதுவே. தலைப்பு, மதகு, ஷட்டர், லஸ்கர், வடிகால் என்று கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு இது சட்டென்று புரியும். வெளியிலிருந்து வருகிற கெட்டிக்கார மாணவருக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆகும்.

அடுத்த படி, நான்கு வயல் அளவோடு மற்ற ஊர்களின் தரவிலிருந்தும் வலுவைக் கடன் வாங்குவது. இதற்கான அடிப்படை முறையை ஃபே, ஹெரியட் இருவரும் 1979இல் அமெரிக்காவின் சிற்றூர்களின் வருமானத்தைக் கணிக்கக் கொடுத்தார்கள். சிறு பகுதி மதிப்பீடு என்று உங்கள் பாடத்திட்டத்திலேயே ஒரு மூலையில் இருந்திருக்கும், தேடிப் பாருங்கள். அதனோடு செயற்கைக்கோள் தரவைச் சேர்க்கலாம். சம்பா காலத்தில் வானம் மூடியே கிடப்பதால் சாதாரணப் படங்கள் நமக்கு அதிகம் உதவாது. மேகத்தைத் துளைக்கும் ராடார் வேண்டும். 2014இல் ஏவிய ஐரோப்பாவின் சென்டினல்-1 தரவு இலவசம். 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய-அமெரிக்க ராடார் செயற்கைக்கோளான நிசார் போனது. நாற்று நட்ட வயலில் தண்ணீர் நிற்கும்போது ராடார் எதிரொலி தாழ்ந்து, தூர் கட்டியதும் ஏறும். அந்த இறக்கத்தை வைத்துத்தான் நெல் என்று கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் உங்கள் பக்கம் நேரடி விதைப்பு அதிகம். காய்ந்த மண்ணில் விதைத்த வயலில் ஆரம்பத்தில் அந்த இறக்கமே தெரியாது. தஞ்சாவூர் நடவு வயல்களில் பழக்கிய மாடல் தலைஞாயிற்றில் தடுமாறினால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இங்கேதான் மாமாவுக்கும் பதில் இருக்கிறது. அவர் பாதி சரி. நீங்கள் இப்போது செய்யும் கோடு போடும் வேலை சீக்கிரம் இயந்திரத்திடம் போகும், அதில் சந்தேகம் வேண்டாம். அந்த வேலையை நம்பிப் பத்து வருஷம் இருக்காதீர்கள். ஆனால் அந்த இயந்திரம் போட்ட வரைபடம் எவ்வளவு சரி என்று சொல்வது யார்? 95 சதவீதம் துல்லியம் என்று ஓர் ஆய்வு சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது சோதனைக்கு எந்தப் புள்ளிகளை ஒதுக்கினார்கள் என்பது. புள்ளிகளைத் தற்செயலாகக் கலந்து பிரித்திருந்தால், ஒரே வயலின் ஒரு மூலை பயிற்சியிலும் மறு மூலை சோதனையிலும் இருக்கும். விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதியது போலத்தான் அந்த மதிப்பெண். ஒரு முழு ஆற்றுப் பிரிவையே ஒதுக்கி வைத்துவிட்டுச் சோதித்தால் எண் மளமளவென்று இறங்கலாம். அந்த இறங்கிய எண்தான் விவசாயிக்கு வேண்டிய எண். இந்த விஷயத்தில் எனக்கு மனசு கொதிக்கும், ஏனென்றால் அந்த எண்ணை நம்பி யாரோ ஒருவருடைய பணம் முடிவாகிறது. இதைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு வேலை குறையாது.

எந்தத் துறை என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் பலம் புள்ளியியல். அதை அந்தத் துறைக்கு வெளியே இருந்து கற்பது கடினம், வரைபட நுட்பத்தைப் பக்கத்தில் வைத்துக் கற்கலாம். புள்ளியியல் துறையிலேயே பதிவு செய்யுங்கள், தொலையுணர்வு (செயற்கைக்கோள் தரவை வைத்து நிலத்தை ஆராய்வது) தெரிந்த ஒருவரை இணை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்வதில்லை. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரைப் பார்ப்பார்கள். ஒரு புதுப் பெயரில் பட்டம் இருந்தால், அது இன்ன பாடத்துக்குச் சமம் என்ற அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் நல்ல ஆய்வு செய்தவர்கள்கூட வாசலில் நிற்க நேரிடும். இரண்டு துறைக்கு நடுவே நிற்கிற நமக்கு இது நிஜமான ஆபத்து. சேரும் முன்பே, பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்று பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வுகளைப் பற்றி சுருக்கமாக. ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் புள்ளியியல்காரர்களுக்குக் கணித அறிவியல் தாள். பொறியியல், அறிவியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் 2019 முதல் புள்ளியியலுக்குத் தனித் தாள் உண்டு. 2022 முதல் நில அளவை, வரைபட நுட்பம் சார்ந்த ஜியோமேட்டிக்ஸ் தாளும் வந்துவிட்டது. நெட்டில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை உதவித்தொகை 42,000. பெண்களுக்கு வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு இருக்கிறது. உதவித்தொகை இல்லாமல் முழுநேர ஆய்வில் சேர வேண்டாம். ஒன்பது மா நிலமுள்ள வீட்டுக்கு அது பெரிய சுமை, பாதியில் நிறுத்திவிடும்படி ஆகும். அதுவரை இப்போதுள்ள வேலையை விடாதீர்கள், மாலையில் படியுங்கள். மாமாவிடம் இன்னொன்றும் சொல்லலாம்: இதே படிப்பை வைத்து யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதலாம். உங்கள் படிப்புக்கு வங்கித் தேர்வைவிட அதுதான் பொருத்தமான மாற்று வழி. நெட்டுக்குப் படிப்பதில் பெரும்பகுதி அதற்கும் உதவும்.

புள்ளியியல் துறையில் யாரும் சொல்லித்தராத ஒரு பாடத்தை நீங்களாகவே படிக்க வேண்டும். அது நில அளவை. வயல் எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தை எடுத்துச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் சர்வே நம்பர் எல்லைகள் அப்படியே பொருந்தாது. பழைய புல வரைபடங்கள் சங்கிலி பிடித்து அளந்து வரைந்தவை. அவற்றில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. பத்து மீட்டர் விலகினால் 5 மீட்டர் சதுரம் அடுத்தவர் வயலுக்குள் போய்விடும், உங்கள் மகசூல் எண் தவறான பயிரோடு ஒட்டிக்கொள்ளும். உயரமும் அப்படித்தான். 2000இல் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆனால் அதன் பிழையே பல மீட்டர். கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கும் உங்கள் ஊரில் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தென்னந்தோப்பின் உச்சியைத் தரை என்று எடுத்துக்கொள்ளும்.

தட்டையான நாட்டில் அளப்பது என்றைக்குமே கஷ்டம். 1802இல் சென்னையில் பரங்கிமலை அருகே தொடங்கிய பெரும் முக்கோண அளவையில், அதை நடத்திய ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன் டெல்டாவுக்கு வந்தபோது ஏறி நிற்க மலை கிடைக்கவில்லை, கோயில் கோபுரங்களைத்தான் பயன்படுத்தினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணங்களை அளக்கும் தன் பெரிய தியோடலைட் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமானது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதைச் சரிசெய்தார். கருவியின் பிழையைத் தெரிந்துகொள்ளாமல் ஓர் அளவையும் ஏற்காத அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதெல்லாம் கற்க எங்கே போவது? டேராடூனில் 1966 முதல் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவசப் பாடங்கள் நடத்துகிறது, வேலையில் இருந்துகொண்டே சேரலாம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று துறையே உண்டு. மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், புள்ளியியலுக்கு ஆர் மொழியும் வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ்ஸும் போதும்.

திரும்பி வருவதைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். டெல்டாவில் இந்தத் துறைக்கான நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. கௌரவ விரிவுரையாளராக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2023இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதியைத் திருத்தியதால் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், மாநில அளவிலான செட் போன்றவையே குறைந்தபட்சத் தகுதி. ஆனால் பணியிடம் வந்தால்தானே விண்ணப்பிக்க! ஆகவே ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, வெளிநாடு என்று எங்கே நல்ல வழிகாட்டி கிடைக்கிறாரோ அங்கே போங்கள். ஊரை விட்டுப் போகிறோம் என்று குற்ற உணர்வு வேண்டாம். ஆய்வுக் களம் டெல்டாவாக இருந்தால் ஒவ்வொரு அறுவடைக்கும் நீங்கள் இங்கேதான் இருப்பீர்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூர் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம், திருவாரூரில் 2009இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் இருப்பவர்களோடு ஆய்வின் முதல் வருஷத்திலிருந்தே பேசிப் பழகுங்கள். பணியிடம் வருகிற அன்று உங்களைத் தெரிந்தவர்கள் இங்கே இருக்க வேண்டும். தனியார் துறையும் முன்புபோல இல்லை. 2021 பிப்ரவரியில் புவிசார் தரவு விதிகளைத் தளர்த்திய பிறகு, முன் அனுமதிக்காகக் காத்திருந்த பல வேலைகளை இந்திய நிறுவனங்கள் நேரடியாகச் செய்ய முடிகிறது. பேராசிரியர் பணி தாமதமானால் அங்கே சில வருஷம் இருப்பது வீண் போகாது, இடையில் கட்டுரைகள் வெளியிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பயிர் அறுவடைப் பரிசோதனை முடிவுகள் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையிடம் இருக்கும். உங்கள் வட்டத்தின் ஊர்வாரி எண்களை, முடிந்தவரை பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விவசாயிகளின் பெயர் வேண்டாம் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். வந்த எண்களை வரைபடத்தில் போடுவதற்கு முன், எந்த ஊர் எந்த வாய்க்காலில் பாய்ந்து எந்த வடிகாலில் வடிகிறது என்று அப்பாவையும் அவர் வயதுக்காரர்களையும் கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியல் எந்த இணையதளத்திலும் கிடைக்காது.

இரண்டும் கையில் வந்ததும் இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: கேள்வி என்ன, தரவு என்ன, எந்த முறையில் தொடங்குவீர்கள், எது உங்களுக்கு இன்னும் தெரியாது. அதை மூன்று நான்கு பேராசிரியர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். ஒவ்வொருவருக்கும் எழுதும்போது அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு எழுதுங்கள். அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்யும் மாணவர்களிடம், குறிப்பாக மாணவிகளிடம், தனியாகப் பேசுங்கள். அவர் வரைவைப் படித்துத் திருத்தித் தர எவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறார், கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது, களப்பணிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல வழிகாட்டியின் மாணவர்கள் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள். பேராசிரியரிடமிருந்து பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து நினைவூட்டி ஒரு மடல் போடுங்கள். மடல்கள் தவறிப்போவது சகஜம், அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.